தீராத நோயும் காதல் காமெடியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காதலர்களில் ஒருவருக்குத் தீராத நோய், ஆனாலும் படம் சிரிக்க வைக்க வேண்டும். இப்படி ஒரு ஒன்லைனை வைத்துக்கொண்டு ஸ்கிரிப்ட் எழுத உட்காருகிறவர்களுக்காக இந்தப் பக்கம். பார்வையாளர்கள் கேட்கும் சில கேள்விகளும் உண்டு. பல படங்களின் முடிவு இங்கே வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

எந்தப் படங்கள் இந்த வகையில் சேரும்?

மூன்று நிபந்தனைகள். கதை ஒரு காதலின் மேல் நிற்க வேண்டும். காதலர்களில் ஒருவருக்காவது உயிரைக் கொண்டுபோகும் நோய் இருக்க வேண்டும், அல்லது இருப்பதாக யாராவது நம்ப வேண்டும். சிரிப்பு தனி காமெடி ட்ராக்கில் ஓடாமல் அந்த இருவரின் பேச்சிலும் நடத்தையிலும் இருக்க வேண்டும்.

மூன்றாவதில்தான் பெரும்பாலான படங்கள் கழன்றுகொள்ளும். 'வாழ்வே மாயம்' (1982) முன்பாதியில் துரத்தலும் சீண்டலும் கலாட்டாவும் இருக்கின்றன. நோய் தெரிந்ததும் சிரிப்பு மூட்டை கட்டிவிடுகிறது. நல்ல மெலோடிராமா, ஆனால் இந்த வகை இல்லை. 'ஆனந்த்' (1971) நிறையச் சிரிக்க வைக்கிறது, அதன் மையம் நட்பு. 'லவ் அண்ட் அதர் டிரக்ஸ்' (2010) நாயகிக்கு இளம் வயதில் வந்த பார்கின்சன்ஸ். அதோடு பல பத்தாண்டுகள் வாழ முடியும் என்பதால் கறாராகப் பார்த்தால் அதுவும் வெளியேதான். 'தி பிக் சிக்' (2017) நாயகிக்கு வருவது பெரியவர்களுக்கு வரும் ஸ்டில்ஸ் நோய், அது தீராத உயிர்க்கொல்லி இல்லை. இந்தக் கடைசி இரண்டையும் பக்கத்து வீட்டுக்காரர்களாக வைத்துக்கொள்ளலாம். கருவிகள் ஒன்றுதான்.

பழைய படங்களில் எதைப் பார்த்தால் பயன்?

'நத்திங் சேக்ரட்' (1937). வில்லியம் வெல்மன் இயக்கம், பென் ஹெக்ட் திரைக்கதை. வெர்மான்ட் மாநிலத்துச் சின்ன ஊர்ப் பெண் ஹேசல், ரேடியம் விஷத்தால் சாகப்போகிறாள் என்று செய்தி. ஊர் டாக்டர் அவளுக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடுகிறார். அதற்குள் நியூயார்க்கிலிருந்து நிருபர் வந்து நிற்கிறார், ஓசியில் நகரத்தைப் பார்க்கலாமே என்று அவளும் கிளம்பிவிடுகிறாள். நகரமே அவளுக்காக உருகுகிறது. நிருபர் காதலில் விழுகிறார். கடிகார முகப்பில் ரேடியம் பூசிய நியூஜெர்சிப் பெண்கள், தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கியே நோயில் விழுந்த செய்தி அன்றைய பார்வையாளர்களுக்குத் தெரியும். அப்படியும் படம் சிரிக்க வைத்தது. காரணம், அது நோயாளியைக் கிண்டல் செய்யவில்லை, அவளுக்காக அழுவதில் சுகம் காணும் ஊரைக் கிண்டல் செய்தது.

சரி, சிரிப்பு எங்கிருந்து வர வேண்டும்?

நோயிலிருந்து வரக் கூடாது. நோயைத் தெரிந்துகொண்ட மனிதர்கள் எப்படி மாறிப்போகிறார்கள் என்பதிலிருந்து வர வேண்டும். நோய் தெரிந்த நிமிடத்திலிருந்து சுற்றியிருக்கும் அத்தனை பேரும் மோசமாக நடிக்க ஆரம்பிப்பார்கள். குரல் மெதுவாகும். மேலதிகாரி திடீரென்று நல்லவராவார். எட்டு வருடம் பேசாத பெரியப்பா ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருவார். பப்பாளி இலைச் சாறு, கோமியம், யாரோ ஒருவருடைய மச்சானை 'இதே நோயிலிருந்து' காப்பாற்றிய வைத்தியர் என்று ஆளுக்கொரு யோசனை வரும். அடுத்து யாராவது தங்கள் முதுகுவலியைப் புலம்ப ஆரம்பித்து, நடுவில் நிறுத்தி, மன்னிப்புக் கேட்பார்கள். இவை எதையும் கண்டுபிடித்து எழுத வேண்டிய அவசியமில்லை. நோயாளி இருக்கிற எந்த வீட்டிலும் நடக்கிறது.

'50/50' (2011) இதில் பாடப்புத்தகம். முதுகெலும்பில் அரிய வகைக் கட்டியுள்ள 27 வயது ஆடமை அவன் நண்பன் கைல் பாருக்கு இழுத்துப்போய், 'இவனுக்கு கேன்சர்' என்று சொல்லிப் பெண்களிடம் பேச்சுக் கொடுக்கிறான். நமக்குச் சிரிப்பும் கோபமும் வருகிறது. பிற்பாடு கைலின் குளியலறையில், கேன்சர் நோயாளிக்குத் துணையிருப்பது எப்படி என்ற புத்தகம், பக்கம் பக்கமாக அடிக்கோடிட்டுக் கிடக்கிறது. வசனமே இல்லாமல் பழைய நகைச்சுவை எல்லாம் வேறு நிறத்துக்கு மாறிவிடுகிறது. திரைக்கதை எழுதிய வில் ரைசர் தானே அந்த நோயிலிருந்து மீண்டவர். கைலாக நடித்த சேத் ரோகன் அவருடைய நிஜ நண்பர்.

ஒரு சோதனை: உங்கள் ஜோக்கை எடுத்து, அதில் யார் அசடு வழிகிறார் என்று பாருங்கள். நோயாளியின் உடல்தான் அசடு என்றால் வெட்டுங்கள். நோயாளியே சொல்லும் ஜோக் என்றால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் எதிரில் இருப்பவர் அதற்குச் சிரிக்கத் தெரியாமல் தவிப்பதையும் காட்டுங்கள். சிரிப்பு அந்தத் தவிப்பில்தான் இருக்கிறது.

நோய் யாருக்கு எப்போது தெரிய வேண்டும்?

இந்த வகைப் படத்தின் எஞ்சினே இதுதான். எந்தக் காதல் காமெடியிலும் ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கும், சிரிப்பு அங்கே பிறக்கும். இங்கே அந்த ரகசியமே நோய். ஆகவே சீன் எழுதுவதற்கு முன் ஒரு தாளில் நான்கு வரிகள் போடுங்கள்: நோயாளிக்கு, காதலருக்கு, குடும்பத்துக்கு, பார்வையாளருக்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனையாவது நிமிடத்தில் தெரிகிறது என்று எழுதுங்கள். நான்கிலும் ஒரே எண் வந்தால் உங்களிடம் காமெடி இல்லை.

நோயாளிக்கும் பார்வையாளருக்கும் தெரியும், காதலருக்குத் தெரியாது என்பது ஒரு அமைப்பு. கொரியப் படமான 'கிறிஸ்மஸ் இன் ஆகஸ்ட்' (1998) கடைசி வரை இதைக் கலைப்பதில்லை. போட்டோ ஸ்டூடியோ நடத்துபவருக்கும் போக்குவரத்துப் பெண் ஊழியருக்கும் இடையே ஐஸ்கிரீமும் அரட்டையுமாக நகர்கிறது. நோயின் பெயரைக்கூடப் படம் சொல்வதில்லை. தான் போன பிறகு அப்பாவுக்கு வேண்டுமே என்று வீடியோ பிளேயரை இயக்கக் கற்றுத்தருகிறார், அப்பாவுக்குப் பிடிபடவில்லை, மகன் எரிச்சலாகி எழுந்து போகிறார். பாதிச் சிரிப்பில் தொண்டை அடைக்கும் சீன் அது.

இருவருக்கும் நோய் என்பது இன்னொன்று. மணிரத்னத்தின் தெலுங்குப் படம் 'கீதாஞ்சலி' (1989), தமிழில் 'இதயத்தைத் திருடாதே', இந்த வழியில் போனது. நாயகி ஊரை ஏமாற்றும் குறும்புக்காரி, தன் சாவைப் பற்றிச் சாதாரணமாகப் பேசுகிறவள். நாயகனுடைய நோய் தெரிந்ததும் அந்தத் தைரியம் உடைகிறது. தன் சாவைப் பார்த்துச் சிரிக்கிறவளால் அவன் சாவைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை என்ற முரண்தான் பின்பாதி முழுவதையும் தாங்குகிறது.

மூன்றாவது அமைப்பை நம் ஊரில் யாரும் ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை என்பது எங்கள் வருத்தம்: எல்லோருக்கும் தெரியும், நோயாளிக்கு மட்டும் தெரியாது. 'அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்' என்று பிள்ளைகள் கேட்பது இங்கே அன்றாட நடப்பு. நோயாளிக்கோ பெரும்பாலும் ஊகம் இருக்கும், ஆனால் பிள்ளைகள் வருத்தப்படுவார்களே என்று அவரும் தெரியாத மாதிரி நடிப்பார். இரண்டு பக்கமும் நடிப்பு, இரண்டு பக்கமும் மோசமான நடிப்பு. வயதான தம்பதியின் காதல் கதையாக இதை எழுதினால் புதிதாக இருக்கும்.

இன்டர்வெல்லில் நோயை உடைக்கலாமா?

நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். சறுக்குவதும் அங்கேதான். 140 நிமிடப் படத்தில் 70 நிமிடம் ஜாலியாக ஓட்டிவிட்டு இன்டர்வெல்லில் ரிப்போர்ட்டைக் காட்டினால், இரண்டு வெவ்வேறு படங்களுக்கு ஒரே டிக்கெட் வாங்கியதுபோல் இருக்கும். பார்வையாளருக்கு 25 முதல் 30 நிமிடத்துக்குள் தெரிந்துவிட வேண்டும், காதலருக்கு இன்டர்வெல்லில் தெரியட்டும். இடையில் கிடைக்கும் 40 நிமிடம் தங்கம். 'அடுத்த தீபாவளிக்கு கொடைக்கானல் போலாமா?' என்ற வெறும் வசனம்கூட இரண்டு அர்த்தத்தில் வேலை செய்யும்.

நோயைக் கடைசி 20 நிமிடத்தில் கொண்டுவருவது ஏமாற்று வேலை. அதற்கு லீட், அதாவது முன்கூட்டியே ஒரு குறிப்பு, வைத்திருந்தாலும்.

எந்த நோயைத் தேர்வு செய்வது?

கதைக்கு வேண்டிய மூன்றை எழுதிக்கொண்டு, அதற்குப் பொருந்தும் நோயை மருத்துவரிடம் கேளுங்கள்: எவ்வளவு காலம் வேண்டும், நாயகரால் எதுவரை நடக்கவும் பேசவும் முடிய வேண்டும், வெளியே பார்த்தால் நோய் தெரிய வேண்டுமா கூடாதா.

'ரத்தப் புற்றுநோய்' என்று பொதுவாக எழுதுவதை விட்டுவிடுங்கள். அது பல நோய்களின் குடும்பப் பெயர். நாள்பட்ட மைலாய்டு வகைக்கு 2001-இல் அங்கீகாரம் பெற்ற இமாட்டினிப் மாத்திரை வந்தபின், பலர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே வேலைக்குப் போய் வருகிறார்கள். குழந்தைகளின் தீவிர லிம்ஃபோபிளாஸ்டிக் வகையில் பெரும்பாலோர் குணமாகிறார்கள். கைக்குட்டையில் ரத்தம் இருமுவது காசநோய்ப் படங்களிலிருந்து ஒட்டிக்கொண்டது. ரத்தப் புற்றின் தொடக்கத்தில் பொதுவாகத் தெரிவது சோர்வு, விடாத காய்ச்சல், காரணமில்லாமல் தோலில் நீலக் கன்றல்கள், ஈறில் ரத்தக் கசிவு. ஈறில் ரத்தம் பார்த்து டூத்பிரஷை மாற்றிக்கொண்டே இருக்கும் நாயகன் என்றால் அங்கேயே ஒரு காமெடி லீட் கிடைத்துவிடுகிறது.

மூளைக்கட்டி என்றால் மயங்கி விழுவது மட்டும் இல்லை. காலைத் தலைவலி, வலிப்பு, சுபாவ மாற்றம் வரலாம். திடீரென்று வாய்க்கு வந்ததைப் பேசும் நாயகன் காமெடிக்கு வசதி. அதே காரணத்தால் ஆபத்தும்: முதல் முறை சிரித்த பார்வையாளர், காரணம் தெரிந்தபின் சிரித்ததற்கு வெட்கப்பட வேண்டும், ஏமாற்றப்பட்டதாக நினைக்கக் கூடாது.

இல்லாத நோயை இட்டுக்கட்டலாமா?

கேலிப் படத்தில் கட்டலாம். 'லாஸ்ட் ஹாலிடே' (1950, மறுபடி 2006) லாம்ப்பிங்டன் நோய் என்று ஒன்றைக் கட்டியது. 'ஜோ வெர்சஸ் தி வால்கேனோ' (1990) 'மூளை மேகம்' என்றே பெயர் வைத்தது. இரண்டிலும் கண்டறிதலே பொய் என்பதால் பொருந்துகிறது. நிஜமான நோய் வேண்டும் என்றால் நடுவழி ஒன்று உண்டு: நோய் நிஜம், மருந்து கற்பனை. 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' நாவலில் (2012) ஹேசலுக்குத் தைராய்டு புற்று நுரையீரலுக்குப் பரவியிருக்கிறது, அவளை உயிரோடு வைத்திருக்கும் ஃபேலன்க்ஸிஃபோர் மருந்து நாவலாசிரியர் ஜான் கிரீனின் கற்பனை.

'தவறான ரிப்போர்ட்' திருப்பம் இன்னும் எடுபடுமா?

அதையே முடிவாக வைத்தால் எடுபடாது. படத்தின் பாதியிலோ, 'நத்திங் சேக்ரட்' போலத் தொடக்கத்திலோ வைத்தால் எடுபடும்.

'இன்னும் மூன்று மாதம்தான்' என்று டாக்டர் சொல்வாரா?

நாள் குறித்துச் சொல்வது அரிது. 'மாதக்கணக்கில்', 'வாரக்கணக்கில்' என்று வரம்பாகச் சொல்வார்கள். 2000-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு, கடைசிக் கட்ட நோயாளிகள் எவ்வளவு நாள் இருப்பார்கள் என்று கணிக்கும் மருத்துவர்கள் பெரும்பாலும் கூடுதலாகவே கணிக்கிறார்கள் என்று காட்டியது. எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. விஞ்ஞானி ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982-இல் வந்த மீசோதீலியோமா புற்றில் இடைநிலை ஆயுள் (பாதி நோயாளிகள் இறந்துவிடும் காலம்) 8 மாதம் என்று புத்தகங்கள் சொல்லின. அவர் அதன்பின் 20 ஆண்டுகள் வாழ்ந்து, வேறொரு புற்றில் இறந்தார்.

கதைக்குக் கெடு வேண்டும் என்பது புரிகிறது. அந்தக் கெடுவை டாக்டர் வாயில் வைக்காதீர்கள். தங்கையின் கல்யாணம், விசா தேதி, வீட்டு லீஸ் முடியும் மாதம் என்று வெளியே வையுங்கள். அதுவரை இருப்போமா என்ற கேள்வி தானாகவே எழும்.

டாக்டர் விஷயத்தை உடைக்கும் சீனை எப்படி எழுதுவது?

மருத்துவர்களுக்குக் கற்றுத்தரும் ஆறு படிகள் இருக்கின்றன. தனியிடத்தில் உட்கார வைப்பது, நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது, எளிய வார்த்தையில் சொல்வது, உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது, அடுத்து செய்யப்போவதைச் சொல்வது. இதைச் சரியாகச் செய்யும் டாக்டர் திரையில் சலிப்பூட்டுவார். ஒரு படியைத் தவறவிடுகிறவரிடம் காமெடி இருக்கிறது: மூன்றாவதைத் தாவிவிடுகிறவர், ஐந்தாவதில் மேஜை மேல் டிஷ்யூ பெட்டி காலியாக இருப்பதைக் கவனிக்கிறவர். '50/50' டாக்டர் நோயாளியைப் பார்க்காமல் ரெக்கார்டரில் குறிப்புச் சொல்லிக்கொண்டே செய்தியைப் போட்டு உடைக்கிறார். அதில் நோயாளி அசடு இல்லை.

கீமோ காட்சிகளில் எவை தப்பாக வருகின்றன?

முதல் ஊசி போட்ட மறுநாளே மொட்டைத் தலை. நிஜத்தில் முடி கொட்டுவது பொதுவாக 2 முதல் 4 வாரத்தில் தொடங்கும். தலையணையிலும் குளியலறைச் சல்லடையிலும் கொத்தாகத் தெரியும். புருவமும் இமையும் மெலியலாம். எல்லா மருந்துக்கும் முடி கொட்டாது. சிகிச்சை முடிந்து சில வாரங்களில் முடி திரும்ப முளைக்கத் தொடங்கும், சிலருக்கு முதலில் சுருட்டை முடியாக வரும்.

வாந்தியைத் தவிர வேறெதுவும் காட்டுவதில்லை என்பது அடுத்த தப்பு. இப்போது வாந்தியைத் தடுக்க நல்ல மருந்துகள் இருக்கின்றன. திரைக்கு அதிகம் பயன்படுவது மற்றவை. வாயில் உலோகச் சுவை வரும், பிளாஸ்டிக் ஸ்பூன் பயன்படுத்தச் சொல்வார்கள். எவர்சில்வர் டம்ளரில் காபி குடிக்காமல் இருக்கவே முடியாத குடும்பத்தில் இது ஒரு முழு சீன். ஸ்டீராய்டு சேர்ந்தால் தூக்கம் போகும், கண்மண் தெரியாமல் பசிக்கும். இரவு 2 மணிக்குப் பரோட்டா தேடி அலையும் டேட்டிங் காட்சிக்கு இதைவிட நம்பகமான காரணம் கிடைக்காது.

மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாளுக்குள் ரத்த வெள்ளை அணுக்கள் பொதுவாகத் தாழ்ந்திருக்கும், தொற்று எளிதில் வரும். அப்போது கல்யாண மண்டபக் கூட்டத்தில் ஆட விடாதீர்கள். விட்டால், உடம்புச் சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே நேராக மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதையும் எழுதுங்கள். காதல் காட்சி நடுவில் தெர்மாமீட்டர் வரும், அதுவும் காமெடிதான்.

படப்பிடிப்பில் மொட்டையை எப்படிச் சமாளிப்பது?

குறைந்த பட்ஜெட் படங்களில் மொட்டைத் தொப்பி ஒட்டினால் நெற்றி ஓரத்தில் கோடு தெரியும், நெருக்கமான ஷாட்டில் படம் செத்துவிடும். நிஜமாகவே மழிப்பதுதான் வழி. முடியுள்ள காட்சிகள் அத்தனையையும் முதல் ஷெட்யூலில் முடித்துவிட்டு, மழிக்கும் சீனை இரண்டு மூன்று கேமராவில் ஒரே டேக்கில் எடுங்கள். '50/50'-இல் ஜோசஃப் கோர்டன்-லெவிட் கேமரா முன் நிஜமாகவே மழித்துக்கொண்டார். மறு டேக் கிடையாது என்பதால் அந்தப் பதற்றமும் சிரிப்பும் அப்படியே பதிவாகின. முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். அடுத்த ஷெட்யூல் தேதியை இந்தக் கணக்கில் போடுங்கள்.

இறப்பைக் காட்ட வேண்டுமா?

கட்டாயமில்லை. '50/50' ஆடம் பிழைக்கிறான். 'கீதாஞ்சலி' இருவரையும் உயிரோடு சேர்த்துவைத்து நிறுத்திக்கொள்கிறது. 'வீ லிவ் இன் டைம்' (2024) காலத்தைக் குலைத்து முன்னும் பின்னுமாகச் சொல்கிறது, ஆகவே சாவின் நிழலுக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் பங்க் கழிவறையில் பிரசவம் என்ற அட்டகாசமான காமெடி உட்கார முடிகிறது.

காட்டுவதென்றால் கடைசி மூச்சில் நீண்ட வசனம் வேண்டாம். கடைசி நாட்களில் நோயாளி பெரும்பாலான நேரம் தூங்குவார், சாப்பிட மாட்டார், மூச்சு விட்டுவிட்டு வரும், கைகால் குளிரும். சொல்ல வேண்டியதை அதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே சொல்ல வைத்துவிடுங்கள். 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' அகஸ்டஸ், தான் உயிரோடு இருக்கும்போதே இரங்கல் உரை கேட்க ஆசைப்பட்டு நண்பர்களைச் சர்ச்சுக்கு அழைக்கிறான். சிரிப்பும் அழுகையும் ஒரே சீனில் அடங்கிவிடுகின்றன, சாவை நீட்ட வேண்டிய தேவை போய்விடுகிறது.

மானிட்டரில் நேர்க்கோடு, 'பீப்', உடனே நெஞ்சில் மின்சார அதிர்ச்சி: மூன்றையும் சேர்த்து எழுதாதீர்கள். நேர்க்கோட்டுக்கு அதிர்ச்சி கொடுப்பதில்லை.

சாகப்போகும் பெண், சோம்பேறிப் பையனுக்கு வாழக் கற்றுத்தருவது பழையதாகிவிட்டதா?

ஆம். அவளுக்கென்று ஒரு கெட்ட குணமும், அவன் சம்பந்தப்படாத ஒரு வேலையும், அவன்மேல் ஒரு நியாயமான கோபமும் கொடுத்துப் பாருங்கள். எதுவும் ஒட்டவில்லை என்றால் அது கதாபாத்திரம் இல்லை, அவனுக்கு வைத்த டியூஷன்.

சாவதற்குள் செய்ய வேண்டியவற்றின் பட்டியல் வைக்கலாமா?

'தி பக்கெட் லிஸ்ட்' (2007) படத்துக்குப் பிறகு எல்லோரும் வைத்துவிட்டார்கள். வைத்தே தீருவேன் என்றால், பட்டியலில் பாதி சலிப்பான காரியங்களாக இருக்கட்டும்: நாமினி பெயர் மாற்றுவது, கேஸ் கனெக்ஷனை மாற்றுவது, பாஸ்வேர்டுகளை எழுதித் தருவது. பாஸ்வேர்டு சொல்ல வெட்கப்படும் காதலர் ஸ்கைடைவிங் செய்கிறவரைவிடச் சிரிப்பு.

15 நிமிடக் குறும்படத்தில் இது சாத்தியமா?

சந்திப்பில் தொடங்கினால் முடியாது. இருவரும் ஏற்கெனவே காதலர்கள், நோயும் ஏற்கெனவே தெரியும் என்று தொடங்குங்கள். ஒரே இடம், ஒரே மதியம், ஒரு அற்பச் சண்டை. ஒரு ஜோக்கை மூன்று முறை திரும்ப வையுங்கள்: 2-ஆவது நிமிடத்தில் சாதாரணமாக, 8-இல் எரிச்சலாக, 14-இல் வேறொருவர் வாயில். மூன்றாவது முறை அதைச் சொல்கிறவர் மாறியிருப்பதே போதும், விளக்க வேண்டாம்.

வீட்டில் நோயாளி இருக்கும்போது இந்தப் படங்களைப் போடலாமா?

அவர் கேட்டால் போடுங்கள், 'உனக்கு நல்லது' என்று நீங்கள் தேர்ந்தெடுத்துத் திணிக்காதீர்கள். முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ரிமோட் அவர் கையில் இருக்கட்டும்.

ஸ்கிரிப்டை யாரிடம் காட்டிச் சரிபார்ப்பது?

நோய் விவரத்துக்குப் புற்றுநோய் மருத்துவர், அன்றாட விவரத்துக்குக் கீமோ வார்டு செவிலியர். இரண்டாமவரிடம்தான் காமெடி அதிகம் கிடைக்கும். முழு ஸ்கிரிப்டைக் கொடுத்தால் படிக்க நேரம் இருக்காது. மருத்துவமனை சீன்களை மட்டும் பிரித்து, 15 பக்கத்துக்கு மேல் போகாமல் கொடுங்கள். மூன்று கேள்வி போதும்: இந்த நாளில் இவரால் இதைச் செய்ய முடியுமா? அறையில் இப்போது யார் யார் இருப்பார்கள்? கையில், மூக்கில், மார்பில் என்னென்ன குழாய் இருக்கும்? அதன்பின், சிகிச்சை முடித்த ஒருவரிடம் காதல் சீன்களை மட்டும் படிக்கக் கொடுங்கள். அவர் எங்கே சிரிக்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். செவிலியருக்கும் அவருக்கும் பேசிய தொகையைப் படப்பிடிப்புக்கு முன்பே கொடுத்துவிடுங்கள், டைட்டிலில் பெயர் போட அவர்கள் சம்மதமா என்றும் எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.